மொட்டை மாடியில் ஒரு சிபாரிசுக்காரர்

கடைக்குப் போனோமா, ஒரு சாமானை வாங்கினோமா, வீட்டில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தோமா என்று இருக்கிற மனிதர்களைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. அவர்கள் நன்றாக இருக்கட்டும். நான் சொல்ல வந்தது சிபாரிசுக்காரர் என்கிற இனத்தைப் பற்றி. ஒரு மின்விசிறி வாங்கினால் அதே மின்விசிறியைத் தெரிந்தவர், தெரியாதவர், வழி கேட்க வந்தவர் எல்லார் வீட்டு உத்தரத்திலும் மாட்டிப் பார்க்காமல் இவருக்குச் சாப்பாடு இறங்காது. கமிஷன் வாங்குகிறாரோ என்று சந்தேகப்படாதீர்கள். சல்லிக் காசு வாங்கமாட்டார். கமிஷனுக்காகச் செய்கிறவர் என்றால் என்றைக்காவது ஒரு நாள் போதும் என்று நிறுத்திவிடுவாரே!

நம்முடைய சிபாரிசுக்காரருக்குத் தொழில் மூக்குக் கண்ணாடிக் கடை. கடைத்தெருவில் மருந்துக் கடைக்குப் பக்கத்தில் இருக்கிறது. கண் சோதிக்க வந்தவரை உள்ளறை நாற்காலியில் உட்காரவைத்து, விளக்கைக் குறைத்து, மூக்கின் மேல் ஒரு கனத்த சட்டத்தை மாட்டி, வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, "இப்ப தெளிவா, முன்னாடி தெளிவா?" என்று கேட்பார். சட்டம் மாட்டிய தலையோடு ஒரு மனிதர் எங்கே எழுந்து ஓட முடியும்? அந்தக் கால் மணி நேரத்தில் எந்த மெத்தையில் படுப்பது, எந்தப் பல் டாக்டரிடம் வாயைத் திறப்பது, பையனை எந்த வகுப்பில் சேர்ப்பது எல்லாவற்றையும் தலையில் கட்டிவிடுவார். கிளம்பும்போது தவறாமல் ஒரு வார்த்தை: "நான் சொன்னேன்னு சொல்லுங்க." அப்படிப் போய்ச் சொன்னவர்களை அந்தந்தக் கடைக்காரர்கள், யாரு சார் அது என்று கேட்டதுண்டு. அதை யாரும் திரும்பி வந்து இவரிடம் சொன்னதில்லை. மனசு வராது.

இன்னொரு வாசகமும் வைத்திருக்கிறார். இது ஏமாந்துபோய் வருகிறவர்களுக்கு. பக்கத்து வீட்டில் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் குடியிருக்கிறார். பகல் முழுக்க, பழகாத கைகளில் ஸ்டியரிங்கைக் கொடுத்துவிட்டு பிரேக்கில் கால் வைத்துக்கொண்டே பிழைக்கிற மனிதர். நம்மவர் சொன்ன மெத்தையை வாங்கி மூன்றே நாளில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். "அது வலியில்ல மாஸ்டர். இத்தனை வருஷமா கோணியிருந்த முதுகு இப்பதான் நேராகுது. பழகப் பழகச் சரியாயிடும்" என்று சொல்லி அனுப்பினார் நம்மவர். மாஸ்டரும் பழகிக்கொண்டார். இன்றுவரை தரையில்தான் படுக்கிறார். மெத்தை அவர் வீட்டில் சுவரோரம் பழகிக்கொண்டிருக்கிறது.

இப்படிப்பட்டவர் நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு டிஷ் வாங்கினார். அதுவரை தெரு முழுக்கக் கேபிள்தான். கம்பத்துக்குக் கம்பம் கம்பி தொங்கும். உயரமாக ஏற்றிய லாரி ஏதாவது வந்து இழுத்துக்கொண்டு போனால் அரை நாள் டி.வி. இருக்காது, கேபிள்காரர் ஏணியோடு ஓடி வந்து முடிச்சுப் போட்டுவிட்டுப் போவார், அவ்வளவுதான் தொல்லை. நம்மவர் மொட்டை மாடியில் டிஷ் ஏறிய மறுநாள் காலையிலேயே பிரசாரம் தொடங்கிவிட்டது. வானத்திலிருந்து நேரா வீட்டுக்கு வருது, நடுவுல கம்பமும் கிடையாது, கம்பியும் கிடையாது, கம்பியை நம்பி வாழற காலமா இது, என்றெல்லாம் வாசலுக்கு வாசல் நின்று வெளுத்து வாங்கினார். கேபிள்காரர் எதிரே வந்தபோதும் குரலைக் குறைக்கவில்லை. மூன்று மாதத்தில் அந்தத் தெருவில் பதினொரு மாடியில் பதினொரு டிஷ். எல்லாம் ஒரே திசையைப் பார்த்து, வாயைப் பிளந்தபடி.

படம் நன்றாகத்தான் வந்தது, வானம் நன்றாக இருந்தவரைக்கும். ஒரு மேகம் எட்டிப் பார்த்தால் போதும், திரையில் கட்டம் கட்டமாக உடைந்து, பேசுகிறவர் தாடை ஒரு பக்கமும் நெற்றி ஒரு பக்கமுமாகப் பிரிந்து, அப்புறம் நீல நிறத்தில் "சிக்னல் இல்லை" என்று எழுத்து வந்து நிற்கும். தூறல் போட்டால் அந்த எழுத்தும் போய்விடும். உடனே நம்மவர் மாடிக்கு ஓடுவார். டிஷ்ஷை அரை விரல் இந்தப் பக்கம் திருப்பி, கைப்பிடிச் சுவர் வழியே குனிந்து, "இப்ப தெளிவா, முன்னாடி தெளிவா?" என்று கத்துவார். கீழே ஹாலில் நிற்கிற மனைவி, "முன்னாடிங்க" என்பாள். பக்கத்து மாடியில் மாஸ்டர், எதிர் மாடியில் தையல்கடைக்காரர், எல்லாரும் அதே வேளையில் அதே கேள்வியைக் கீழே வீசிக்கொண்டிருப்பார்கள். யாராவது வாயைத் திறந்து, என்ன சார் இது, மழைக்கே தாங்கலையே என்று கேட்டுவிட்டால் நம்மவரிடம் பதில் தயார். மழை நேரத்தில் டி.வி. பார்ப்பதே ஆபத்தாம், கம்பெனியே பார்த்து, நம் பாதுகாப்புக்காக நிறுத்தி வைக்கிறதாம்.

கம்பெனியிடம் புகார் சொல்லாமல் விட்டாரா? சொன்னார். ஆனால் அது தெருவுக்குத் தெரியலாமா? போனை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போவார், தாழ்ப்பாள் போடுவார், வாளியில் குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு, ஒன்றை அழுத்தி, இரண்டை அழுத்தி, தப்பாக நான்கை அழுத்தி மறுபடி முதலிலிருந்து வந்து, இருபது நிமிஷம் வாத்திய இசை கேட்டு முடித்தபின் ஒரு பெண் பேசும். பெட்டியை அணைத்துவிட்டு முப்பது விநாடி கழித்துப் போடச் சொல்லும். போட்டாச்சு என்பார். இன்னொரு தடவை போடச் சொல்லும்.

"நான் ரொம்பக் கோவமா இருக்கேன்" என்று ஒரு நாள் கிசுகிசுத்தார்.

"கொஞ்சம் சத்தமாப் பேசுங்க சார், சரியாக் கேக்கல."

"சத்தமால்லாம் பேச முடியாதும்மா. கோவமா இருக்கேன்னு மட்டும் எழுதிக்கோங்க."

எழுதிக்கொண்டார்கள். பதினேழு இலக்கத்தில் ஒரு புகார் எண் வந்தது. நாலு நாள் கழித்து ஓர் ஆள் பையோடு வந்து, மாடிக்குப் போய், இடுப்பில் கைவைத்து வானத்தை அண்ணாந்து பார்த்து, "மேகம் இருக்கு சார்" என்று தகவல் சொல்லிவிட்டுப் போனார். வாசலில் அவரை வழியனுப்பும்போது தெருவுக்குக் கேட்கிற மாதிரி நம்மவர், என்னா சர்வீஸ், என்னா சர்வீஸ் என்று சொல்லிக்கொண்டே கைகுலுக்கினார்.

இதில் அடிபட்டது யார் தெரியுமா? மனைவி. பாவம், அவள் ஒரு லேப்பில் ரத்தம் எடுக்கிற வேலை பார்க்கிறவள். விடியற்காலையிலிருந்து வெறும் வயிற்றோடு வந்து நிற்கிற கூட்டத்துக்கு நரம்பு தேடித் தேடிக் கண் பூத்துப்போய் வீட்டுக்கு வருவாள். அவளுக்கென்று ஒரு நாளில் மிச்சமிருப்பது அரை மணி நேரம்: ஏழரை மணித் தொடர். அக்கா, தங்கை. பீரோவுக்குள் ஒரு கடிதம். அந்தக் கடிதத்தால் அக்காளின் கல்யாணம் நின்று குடும்பம் இரண்டாகிவிட்டது. யார் எழுதினார்கள் என்பது நாலு வருஷமாகத் தெரியவில்லை. பீரோச் சாவி கைக்கு வந்த அன்று மழை. பூட்டைத் திறந்த அன்று மேகம். வக்கீல் மாமா உண்மையைச் சொல்ல வந்து பாதியில் உயிரை விட்ட அன்று இடியும் மின்னலும். இவள் பார்த்தது அவருடைய பாதி மீசையை மட்டும்தான். மறுநாள் லேப்பில் ஊசியைக் குத்திக்கொண்டே, "நேத்து மாமா பேரைச் சொன்னாரா?" என்று கேட்பாள். குத்தப்பட்டவர்களும் வலியை மறந்து கதை சொல்லுவார்கள். அப்படிக் கேட்டுக் கேட்டு ஒட்டுப்போட்ட கதைதான் அவளிடம் இருந்தது. ஒரு நாள்கூடப் புருஷனிடம் முகத்தைச் சுளித்ததில்லை.

இப்படி இருக்கும்போது, அடுத்த மாதம் கடைசி வெள்ளிக்கிழமையோடு தொடர் முடிகிறது, கடிதத்தை எழுதியவர் யார் என்று அன்றைக்குத் தெரிந்துவிடும் என்று அறிவிப்பு வந்தது. அடுத்த மாதம் என்றால் நல்ல மழைக்காலம். அன்று அவள் சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து, சத்தம் போடாமல், ஊசி போடுவதற்கு முன் பேசுகிற அதே இதமான குரலில் பேசினாள்.

"நாலு வருஷத்துல எனக்கு என்னென்ன போச்சுன்னு நான் யார்கிட்டயும் சொன்னதில்லங்க. கடைசி எபிசோடும் போச்சுன்னா சொல்லுவேன்."

யாரிடம் என்று அவர் கேட்கவில்லை. மறுநாள் கடையில் மூன்று பேருக்குக் கிட்டப்பார்வையையும் தூரப்பார்வையையும் மாற்றிச் சொன்னார். சாயங்காலம் கடையைப் பாதி இழுத்துவிட்டு, சந்துக்குள் இருக்கிற கேபிள்காரர் அலுவலகத்துக்கு முகத்தைத் துண்டால் துடைக்கிற மாதிரி மறைத்துக்கொண்டு போனார்.

எந்த மனிதரின் பிழைப்பைத் தெருவெல்லாம் நின்று கெடுத்தாரோ அந்த மனிதரிடமே போய் நிற்பது எப்படி இருக்கும்? ஆனால் கேபிள்காரர் பெருந்தன்மைக்காரர். வாங்க சார், உக்காருங்க சார் என்று நாற்காலியைத் தட்டிக் கொடுத்தார். ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. நம்மவர் தொண்டையைச் செருமி, விஷயம் வெளியே தெரியக் கூடாது, டிஷ்ஷும் கழற்றப்படக் கூடாது, அது பாட்டுக்கு மாடியில் இருக்கட்டும், கம்பி மட்டும் என்று இழுத்தார்.

"பின்பக்கமாத்தானே சார்?" என்றார் கேபிள்காரர்.

கேட்காமலே புரிந்துகொள்கிற அந்தச் சூட்டிகையை நம்மவர் மனசுக்குள் மெச்சினார். கம்பி கறுப்பாக இருந்தால் சுவரில் தெரியுமே என்று கவலைப்பட்டார். சுவர் நிறத்திலேயே இருக்கு சார், இப்பல்லாம் அதுக்குத்தான் கிராக்கி என்று பதில் வந்தது. ஏணியைப் பார்த்தால் தெரிந்துவிடுமே என்றார். ஏணியே வேண்டாம் என்று பதில் வந்தது. சொன்னபடியே மறுநாள் பகல் இரண்டு மணிக்கு, தலையில் தொப்பியும் கையில் குழாய் ரிப்பேர்காரர் பையுமாகக் கேபிள்காரர் வந்து இறங்கினார். பையிலிருந்து ஒரு குழாய்த் துண்டுகூட நீட்டிக்கொண்டிருந்தது. என்ன மூளை, என்ன மூளை என்று நம்மவர் அசந்துபோனார்.

இந்த இடத்தில் ஒரு சின்ன விஷயம் சொல்லிவிடுகிறேன். நாலைந்து மாதமாகவே அந்தத் தெருவில் குழாய் ரிப்பேர் அதிகமாகத்தான் இருந்தது. மாஸ்டர் வீட்டுக்கு ஓர் ஆள் வந்தார், தையல்கடைக்காரர் வீட்டுக்கு வந்தார், கோடி வீட்டுக்கு இரண்டு தடவை வந்தார். நம்மவர் அதைக் கவனிக்காமல் இல்லை. வாசலில் நிறுத்தி, எந்தக் கம்பெனிக் குழாய் போட்டீங்க, நான் சொன்னதைப் போட்டிருந்தா இப்படி ஒழுகுமா என்று ஒவ்வொருவரையும் கேட்டிருந்தார். அவர்களும் தலையைச் சொறிந்துகொண்டு, அடுத்த தடவை நீங்க சொன்னதையே போட்டுடறோம் சார் என்று நகர்ந்துவிட்டார்கள்.

கேபிள் வந்துவிட்டது. படம் தேன் மாதிரி இருந்தது. கதை முடிந்தது என்கிறீர்களா? ஐயா, இனிமேல்தான் அவஸ்தை. தினமும் சாயங்காலம் நம்மவர் வழக்கம்போல மாடிக்குப் போயாக வேண்டும்; போகாவிட்டால் தெரு என்ன நினைக்கும்? செத்துப்போன டிஷ்ஷை அரை விரல் திருப்பி, "இப்ப தெளிவா, முன்னாடி தெளிவா?" என்று கத்துவார். கீழே பளிச்சென்று ஓடிக்கொண்டிருக்கிற டி.வி.க்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு மனைவி, "இல்லைங்க... இன்னும் கொஞ்சம்... ஆங், வந்துருச்சு" என்று சொல்ல வேண்டும். அவளுக்குப் பொய் வராது. லேப்பில் தினம் நூறு பேரிடம் வலிக்காது என்று சொல்கிறாளே, அது ஒன்றுதான் அவளுக்குத் தெரிந்த பொய். அந்தக் குரலிலேயே இதையும் சொல்லப் பழகிக்கொண்டாள்.

மழை நாளில் அதைவிட மோசம். மழை வந்தால் டிஷ் போய்விடும் என்பது தெருவில் கைக்குழந்தைக்கும் தெரியும். அப்படி இருக்க, மழையில் இவர் வீட்டு டி.வி. மட்டும் பேசினால்? ஆகவே முதல் தூறல் விழுந்ததுமே ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைச் சுத்தமாக நிறுத்திவிடுவார். படம் பார்க்கலாம், சத்தம் கூடாது. ஜன்னல்களையும் அடைக்க முடியாது. மழைக்காலப் புழுக்கத்தில் ஜன்னலை அடைக்கிறவன் வீட்டில் ஏதோ மர்மம் என்று சந்தேகம் வரும் என்பது அவர் கட்சி. மூன்று வாரத்தில் ஐந்து மழை. ஐந்து தடவையும் மனைவி உதட்டசைவைப் பார்த்துக் கதை புரிந்துகொண்டாள். முன்பு அவளுக்குப் படமும் இல்லை, பேச்சும் இல்லை. இப்போது பேச்சு மட்டும்தானே இல்லை, முன்னேற்றம்தானே என்று அவர் சமாதானம் சொன்னார். பழகப் பழகச் சரியாயிடும் என்று வாயெடுத்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதியில் விழுங்கினார்.

கடைசி வெள்ளிக்கு முதல் நாள் மாஸ்டர் சுவரோரம் வந்து நின்றார். அவர் வீட்டிலும் அம்மணி அதே தொடர்தான்.

"நாளைக்கு மழை வந்துச்சுன்னா டிஷ் போயிடுமே சார். என்ன பண்றது?" என்றார் மாஸ்டர், வானத்தைப் பார்த்தபடி.

"வராது மாஸ்டர்" என்றார் நம்மவர், அவரும் வானத்தைப் பார்த்தபடி.

"வந்தாலும் உங்க பேச்சை நான் தட்ட மாட்டேன் சார். டிஷ்ஷுன்னா டிஷ்ஷுதான்."

இப்படி நம்புகிற மனுஷனுக்குத் துரோகம் பண்ணிவிட்டோமே என்று நம்மவர் அன்று இரண்டு கவளம் குறைவாகவே சாப்பிட்டார்.

உள்ளே மனைவி காத்துக்கொண்டிருந்தாள். நாளைக்கு மழை பெய்தாலும் எனக்குச் சத்தம் வேண்டும் என்றாள். பெய்யாது என்றார். பெய்தால் என்றாள். பெய்யாது என்றார் மறுபடியும். வானிலை அறிக்கையைக்கூடச் சிபாரிசு செய்து மாற்றிவிடலாம் என்று நினைத்தார் போலிருக்கிறது.

வெள்ளிக்கிழமை. மனைவி வேலையை முன்னதாக முடித்துக்கொண்டு வந்து, குளித்து, தலையைத் துவட்டி, டீ போட்டு இரண்டு தம்ளரில் ஊற்றி, டி.வி.க்கு எதிரே கால் நீட்டி உட்கார்ந்தாள். ஏழரை. தங்கைக்காரி பீரோவைத் திறக்கிறாள். ஏழு முப்பத்தெட்டு. கடிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அக்காளைத் தேடிப் போகிறாள். ஏழு நாற்பத்தொன்று. ஜன்னல் தகரத்தில் டொக்கென்று ஒரு சொட்டு.

அவர் கை தானாகவே ரிமோட்டுக்குப் போனது. சத்தம் நின்றது.

மனைவி திரும்பிப் பார்த்தாள். திட்டவில்லை, அழவில்லை. கையை மட்டும் நீட்டினாள்.

"சத்தத்தைக் குடுங்க."

"தெருவுக்குக் கேக்கும்."

"கேக்கட்டும்."

அவர் ரிமோட்டை இறுகப் பிடித்துக்கொண்டார். மழை பிடித்துக்கொண்டு ஊற்றத் தொடங்கியது. அவள் திரும்பி, திரைக்குப் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து, அந்த இரண்டு பெண்களின் வாயையே பார்த்தாள். நாலு வருஷம். புரிந்துகொள்ள அவள் படுகிற பாட்டைப் பார்க்க அவருக்கே வெட்கமாக இருந்தது. தான் ஒரு அற்பன் என்று அந்த நிமிஷம் அவருக்குத் தெரிந்தது. கட்டை விரல் பொத்தான் மேல் போய் உட்கார்ந்தது, அழுத்தத்தான் தெம்பில்லை. தெருவில் பதினொரு வீடு. மற்றப் பத்துப் பேரின் முகத்திலும் எப்படி விழிப்பது?

அப்போது திரையில் தங்கைக்காரி வாயைத் திறந்தாள். குரல் கேட்டது.

"அக்கா, இந்தக் கையெழுத்தை நல்லாப் பாரு."

நம்மவர் ரிமோட்டைப் பார்த்தார். சத்தம் பூஜ்யத்தில்தான் இருந்தது. அக்காக்காரி வாயசைத்தாள், அவள் குரலும் வந்தது. ஜன்னல் வழியாக, கொட்டுகிற மழையைத் தாண்டி, மாஸ்டர் வீட்டிலிருந்து. உதட்டுக்கும் பேச்சுக்கும் இம்மி பிசகில்லை. டிஷ்ஷில் பேச்சு கேபிளைவிட இரண்டு விநாடி பிந்தித்தான் வரும். அவ்வளவு தூரத்திலிருந்து வருதில்ல என்று அதற்கும் தெருவுக்கு விளக்கம் சொன்னவர் இவரேதான். மழையே இல்லாவிட்டாலும் டிஷ் இப்படிச் சேர்ந்து பேசாது. மாஸ்டர் வீட்டில் ஓடுவது கேபிள்! எதிர்ப்பக்க ஜன்னலுக்கு ஓடிக் காதைக் கொடுத்தார். தையல்கடைக்காரர் வீட்டிலிருந்தும் அதே அக்கா, அதே தங்கை. அதற்கு அடுத்த வீட்டிலும். இத்தனை நாள் மழையில் அவர்களும் இவரைப் போலவே சத்தத்தை அடக்கி வைத்திருக்கிறார்கள், இன்றைக்கு அம்மணிகள் விடவில்லை. கோடி வீட்டுக் குழாய் ரிப்பேர் இரண்டு தடவை ஏன் நடந்தது என்பது இப்போது புரிந்தது.

அவருக்கு முதலில் வந்தது நிம்மதி என்று நினைக்கிறீர்களா? கோபம். அதுவும் சாதாரணக் கோபம் இல்லை. துரோகிகள்! என் முகத்துக்கு நேரே தலையாட்டிவிட்டு, பின்பக்கமாகக் கம்பி இழுத்திருக்கிறார்களே! நேற்றுக்கூடச் சுவரோரம் நின்று, டிஷ்ஷுன்னா டிஷ்ஷுதான் என்றானே அந்த மனுஷன்! அப்படியே நனைந்துகொண்டு போய் மாஸ்டர் கதவைத் தட்டி நாலு வார்த்தை கேட்கலாம் என்று வாசல்வரை போய்விட்டார். என்ன கேட்பது? உங்க டி.வி. மழையில எப்படி ஓடுது என்றா? ஏன், உங்க வீட்ல ஓடலையா சார் என்று அவன் திருப்பிக் கேட்டால்? செருப்பில் நுழைத்த காலை வெளியே எடுத்துக்கொண்டு, வந்த வழியே திரும்பி, ரிமோட்டை மனைவியின் கையில் வைத்துவிட்டு நாற்காலியில் விழுந்தார்.

அவள் சத்தத்தை வைத்தாள். கொஞ்சமாக இல்லை, முழுக்க.

"நான்தான்க்கா எழுதினேன்" என்றாள் தங்கைக்காரி, பதினொரு வீட்டிலும் ஒரே நேரத்தில். "எழுதின மறுநாளே சொல்லியிருக்கலாம். வெக்கமா இருந்துச்சு. ஒரு நாள் ஆக ஆக சொல்றது இன்னும் கஷ்டமாயிடுச்சு."

மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கேள்விப்பட்டு ஒட்டுப்போட்டதில்லை, தன் கண்ணாலேயே பார்த்து, தன் காதாலேயே கேட்டு அழுதாள். நம்மவரும் மூக்கை உறிஞ்சினார். தூசி என்றார். மழை நாளில் ஏது தூசி?

தொடர் முடிந்தது, மழையும் விட்டது. மனிதர் அத்தோடு சும்மா இருந்திருக்கலாம். இருந்தால் அவர் சிபாரிசுக்காரர் இல்லையே. கால் தானாகவே மாடிக்குப் போய்விட்டது. போனால், பக்கத்து மாடியில் மாஸ்டர் நிற்கிறார். எதிர் மாடியில் தையல்கடைக்காரர். ஈர மாடிகளில் ஆளுக்கொரு டிஷ்ஷைப் பிடித்துக்கொண்டு தெருவின் ஆண்பிள்ளைகள் அத்தனை பேரும் நிற்கிறார்கள்.

"மழை விட்டதும் வந்துருச்சு சார்" என்றார் மாஸ்டர்.

"எனக்கும் இப்பதான் வந்துச்சு" என்றார் நம்மவர். பிறகு, விடாமல், குனிந்து கீழே கேட்டார்: "இப்ப தெளிவா, முன்னாடி தெளிவா?"

மனைவி வாசலுக்கு வந்து நின்றாள். அண்ணாந்து பார்த்தாள். ஊசி போடும் குரல் இல்லை. தெருக்கோடிவரை கேட்கிற குரல்.

"கேபிள் நல்லாத் தெளிவா வருதுங்க. அதை விட்டுட்டுக் கீழ வாங்க."

கூரைகளிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, அவ்வளவுதான். பிறகு மாஸ்டர் வீட்டு வாசல் விளக்கு எரிந்தது.

"எங்க வீட்லயும் தெளிவா வருதுக்கா" என்றது மாஸ்டர் மனைவியின் குரல். "இவரையும் கீழ எறங்கச் சொல்லுங்க. சளி பிடிச்சுக்கப் போவுது."

எதிர் வீட்டம்மா சிரித்தாள். அடுத்த வீட்டில் இன்னொருத்தி. வாசலுக்கு வாசல் சிரிப்பு தாவிக்கொண்டு போனது. மேலே ஆண்பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், டிஷ்ஷில் தேங்கியிருந்த மழைத் தண்ணீரைக் கவிழ்ப்பதில் ரொம்பக் கவனமாக இருந்தார்கள்.

நம்மவர் அவமானத்தில் இரண்டு நாள் படுத்துவிடுவார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவர் மெல்ல நகர்ந்து மாஸ்டர் பக்கத்துச் சுவரோரம் வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"உங்களுக்கும் நம்ம ஆளுதான் போட்டாரா?"

மாஸ்டர் தலையாட்டினார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காமப் போட்டுட்டீங்களே மாஸ்டர்" என்றார் நம்மவர், நிஜமான வருத்தத்தோடு. "நான் சொன்னேன்னு சொல்லியிருந்தா இன்னும் நல்ல கம்பியாப் போட்டிருப்பாரு."

மறுநாள் காலையிலிருந்து அவர் கேபிளுக்கு மாறிவிட்டார், வாயளவில் சொல்கிறேன். கடைக்கு வருகிறவர்கள் மூக்கில் சட்டத்தோடு உட்கார்ந்து, கம்பி வழியாக வருகிற படத்தின் பெருமையைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். மாடியில் டிஷ்கள் அப்படியே இருக்கின்றன. நம்மவர் மனைவி மட்டும் தங்களுடையதைக் கழற்றி இறக்கி, துடைத்து, மல்லாக்க வைத்து அதில் ஈரத் துணிகளுக்கான கிளிப்புகளைப் போட்டு வைத்திருக்கிறாள். அதற்கு ரொம்ப வசதியாக இருக்கிறதாம். அதே மாதிரி எல்லா வீட்டிலும் வைத்துக்கொள்ளலாமே என்று நம்மவர் சொல்லிக்கொண்டு வருகிறார்.

சிரித்துவிட்டீர்களா? நல்லது. நம் வீட்டில் அப்படி யாரும் இல்லை என்று நிம்மதியாக இருந்தால் அதுவும் நல்லது. ஆனால் இதைப் படித்து முடித்த கையோடு பக்கத்தில் இருப்பவரைத் தட்டிக் கூப்பிட்டு, இதை அவசியம் படிங்க, அப்படியே உங்க மச்சினர் மாதிரி ஒருத்தர் வராரு, நான் சொன்னேன்னு படிங்க என்று நீட்டத் தோன்றினால், நீட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை உங்கள் மொட்டை மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.